கீறலா, வெடிப்பா? பைபர் வள்ளக்காரர்களின் கேள்விகள்

கேள்வி (உவரி): அண்ணாச்சி, கரை பிடிக்கும்போது அலை திருப்பிவிட்டு, வள்ளம் கரையைக் காக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் இடித்துவிட்டது. முன்முனையான அணியத்துக்குக் கீழே ஒரு அடி நீளத்துக்கு வெடிப்பு. ஒருத்தர் எம்-சீல் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். இன்னொருத்தர் தேய்த்தெடுத்து உள்ளும் புறமும் கண்ணாடி நார் மேட் போடணும் என்கிறார். கூலி நாலு மடங்கு வித்தியாசம். யாரை நம்ப?

பதில்: முதலில் வள்ளத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பளபளக்கிற ஜெல்கோட் அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் கனம்தான். அது பாரம் தாங்குவதில்லை. தாங்குவது அதற்கு அடியில் ரெசின் என்கிற பிசினில் ஊறிய கண்ணாடி நார். அது அறுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வெடிப்புக்கு நேர் உள்ளே பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை பூத்தாற்போலத் திட்டுத் தெரிந்தால், அங்கே நாரும் ரெசினும் பிரிந்துவிட்டன. அடுத்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் வெடிப்பைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாகப் பேசும், அடுக்கு பிரிந்த இடம் ‘பொத்’தென்று கேட்கும். ‘பொத்’ கேட்ட இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வளைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரு அடி தெரிகிற வெடிப்பு, நாணயத்துக்கு ஒன்றரை அடியாகத் தெரிவது சாதாரணம். கடைசியாக, ஓர் இஞ்ச் இடத்தில் ஜெல்கோட்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பேனா மையைத் தடவி உடனே துடையுங்கள். கோடு மறைந்தால் பூச்சோடு நின்றது. நீலக்கோடு நாரிலும் நின்றால் அது வெடிப்பு. கல்லில் இடித்து ஒரு அடி நீளம் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியானால் இரண்டாவது ஆள் சொல்வதே சரி.

எம்-சீல் நன்றாகவே ஒட்டும். ஆனால் அதில் நார் இல்லை. அலை அடிக்கிற ஒவ்வொரு முறையும் அடிப்பாகம் வளைந்து நிமிரும். அடைப்பின் ஓரம் மயிரிழை அளவு விடும். அதன் வழியே உப்புத்தண்ணீர் நாரோடு ஊறி உள்ளே போகும். கடலில் இருந்து கரை சேரும்வரை அது கை கொடுக்கும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். காருக்கு அடிக்கிற பட்டியும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வள்ளத்தை நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயப் போடுங்கள். உப்பும் ஈரமும் இருந்தால் புது மேட் பழைய நாரில் பிடிக்காது. சந்தேகமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். தாளின் உள்ளே வேர்த்தால் இன்னும் காயவில்லை.

பிறகு உள்பக்கம் 36 அல்லது 40 நம்பர் டிஸ்க் போட்ட கிரைண்டரால் பெயின்ட் துளியும் இல்லாமல் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளது) இரண்டு அடுக்கு போட வேண்டும். அது இறுகிய பிறகு வெளிப்பக்கம். அங்கேதான் பலர் சோம்பல் படுவார்கள். வெடிப்பை வெறும் காடி மாதிரி வெட்டினால் போதாது. சாய்வாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு அகலம் ஒவ்வொரு பக்கமும் வேண்டும். அடிப்பாகம் 6 மில்லி என்றால் இந்தப் பக்கம் 7 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 7 சென்டிமீட்டர். நீளவாக்கிலும் வெடிப்பு முடிகிற இடத்தைத் தாண்டி அதே அளவு. சாய்வு குறைந்தால் புது நாரும் பழைய நாரும் சேருகிற பரப்பு குறையும், போட்ட ஒட்டு முழுசாக உரிந்து வரும். உரிந்து வந்த ஒட்டைத் திருப்பிப் பாருங்கள்; அடியில் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் காரணத்தை யாரும் சொல்லத் தேவையில்லை.

வெளியே மேட், ரோவிங் (கண்ணாடி நாரில் நெய்த துணி), மேட், ரோவிங், மேட், மேட் என்று ஆறு அடுக்கு. 450 கிராம் மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மில்லி, 600 கிராம் ரோவிங் முக்கால் மில்லி. ஆறும் சேர்ந்தால் பழைய கனம் ஏறக்குறைய வந்துவிடும். ரோவிங் மேல் ரோவிங் நேராக வைக்கக் கூடாது, நடுவில் மேட் வேண்டும். பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதையா என்று பட்டறைக்குப் பட்டறை சண்டை உண்டு. பெரியதையே முதலில் வைக்கச் சொல்லுங்கள்: சாய்வு முழுவதையும் ஒரே நார் தொட்டுப் பிடிக்கும். மூன்று அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட வேண்டாம். ரெசின் இறுகும்போது தானே சூடாகும்; கனமாகப் போட்டால் வெந்து விரியும். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரால் காற்றுக் குமிழை வெளியே தள்ள வேண்டும்.

ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் 10 முதல் 15 மில்லிலிட்டர். சித்திரை வெயிலில் 10 போதும். பத்துக்குக் கீழே குறைத்தால் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுப்பு நிற்கும். இறுகுவதைத் துரிதப்படுத்துகிற கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையிலேயே கேளுங்கள். கலக்காததென்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர். இரண்டையும் ஒரே மூடியில் அளந்து சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்டனர் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசின் கெட்டியாக இருக்கிறதென்று தின்னர் ஊற்றுகிற கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஒட்டின் பலம் போய்விடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தேரி மணல் பறந்து ஈர ரெசினில் ஒட்டும். தார்ப்பாய் மறைப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது.

பில்லுக்கு வருவோம். வெளியே 45 சென்டிமீட்டருக்கு 15, உள்ளே 50-க்கு 20 என்று கணக்கிட்டால் மேட் கால் கிலோவுக்குள் அடங்கும், ரோவிங் 100 கிராம் போதும். மேட் தன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ரோவிங் சம எடை. சிந்தியது, மேல்பூச்சு எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ ரெசின் தாராளம். ஐந்து கிலோ எழுதியிருந்தால் மிச்சம் எங்கே என்று கேளுங்கள். இந்த வேலையில் செலவு பொருளில் இல்லை, தேய்க்கிற கூலியில் இருக்கிறது. அந்தக் கூலியில் பேரம் பேசினால் அவர் சாய்வில் குறைப்பார். ரெசின் டின்னில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியதை வாங்காதீர்கள்.

ஒரு நாள் கழித்துத் தேய்த்து, மூன்று நாள் கழித்துக் கடலில் இறக்கலாம். இறக்குவதற்கு முன் அதே நாணயத்தால் ஒட்டைத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி (பெருமணல்): வள்ளத்தின் மேல்விளிம்புப் பக்கம் சிலந்திவலை மாதிரிச் சின்னச் சின்னக் கீறல்கள். இதுக்கும் மேட் போடணுமா?

பதில்: மை சோதனையில் பூச்சோடு நின்றால் தேவையில்லை, கீறிவிட்டு ஜெல்கோட் நிரப்பித் தேய்த்தால் போதும். ஒரே புள்ளியிலிருந்து விரிந்தால் ஏதோ மோதிய தடம். கீறல்கள் ஒரே கோட்டில் வரிசையாக வந்தால் அந்த இடம் வளைகிறது என்று அர்த்தம்; உள்ளே தாங்குகட்டை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பூசினால் ஒரு பருவத்துக்குள் திரும்ப வரும்.

கேள்வி (இடிந்தகரை): அவுட்போர்ட் எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் மூலையில் வெடிப்பு. எஞ்சின் ஓடும்போது பலகையே ஆடுகிறது. மேலே நாலு அடுக்கு மேட் போட்டால் நிற்குமா?

பதில்: ஆடுகிறது என்றால் பைபருக்குள் இருக்கிற பிளைவுட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் போல்ட் ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி அது இற்றுப்போகும். உள்பக்கமிருந்து, கீழ் ஓரத்தை ஒட்டி, 5 மில்லி டிரில்லால் நாலைந்து இடத்தில் பிளைவுட் வரை மட்டும் துளையுங்கள். காய்ந்த வெளிர்த் தூள் வந்தால் பலகை நல்லது. துளைகளை அடைத்துவிட்டு மூலையை மட்டும் பலப்படுத்தலாம். கறுப்பாகச் சகதி மாதிரி வந்தால், மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் அழுகலுக்குச் சட்டை போடுகிற வேலைதான். உள்தோலை அறுத்து, பலகையை மாற்ற வேண்டும். புதுப் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். அதுதான் மரைன் பிளை. 303 என்றிருப்பது வீட்டு அலமாரிக்கு. வெட்டிய ஓரங்களுக்கும் போல்ட் துளைகளுக்கும் உள்ளே ரெசின் ஊட்டாமல் எஞ்சினை மாட்டவிடாதீர்கள். பழைய பலகை அந்தத் துளைகளால்தானே போனது?

கேள்வி (கூத்தங்குழி): பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது.

பதில்: விற்பதற்கு முன் அடித்த பெயின்ட் எதை மறைக்கிறது என்று தேடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது அடிப்பாகத்தை நீளவாக்கில் பாருங்கள். பட்டி போட்ட இடம் மேடு பள்ளமாகத் தெரியும். மணலில் இழுத்து இழுத்து வள்ளத்தின் அடிமுதுகான ஏரா தேய்ந்திருக்கும், அங்கே விரலால் தடவுங்கள். நார் குத்தினால் விலையில் குறையுங்கள். கரையிலேயே உள்ளே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் கசிவு வெளியே முத்துமுத்தாகக் காட்டிக்கொடுக்கும். பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்து, மீன்வளத்துறையில் பெயர் மாற்றிய பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி (கூடுதாழை): புதுசாக வாங்கிய வள்ளம் ஐந்து மாதத்தில் அடிப்பாகம் அடுக்கடுக்காகப் பிரிகிறது. கட்டிக் கொடுத்தவர் “இது தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது” என்கிறார்.

பதில்: தவறாகச் சொல்கிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது. நீங்களே அந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர் என்றால் வழக்கு நிற்கும். பல வள்ளங்கள் வாங்கி ஆள் வைத்து விடுகிறவருக்கு இது கடினம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், கட்டியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவசரப்பட்டுப் பழுது பார்த்துவிட வேண்டாம்: பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்குப் பிரிந்த அடுக்கு அப்படியே இருக்க வேண்டும். தொழில் நிற்கிறது, பொறுக்க முடியாது என்றால், பிரிந்த இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அறுத்தெடுக்கிற துண்டில் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.