கப்பல் கூலி யார் கொடுத்தது?

வாசகர் கேள்வி – பதில்

சொந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் வெளியில் சொல்லும் காரணமும் உள்ளே இருக்கும் காரணமும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்று சென்ற இதழில் எழுதி, அமெரிக்காவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்களை உதாரணம் காட்டியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்களா! சரி, இந்த இதழ் முழுக்க அவர்களே இருக்கட்டும்.

கல்லூரி மாணவி, சேலம்: எங்கள் பாடநூல் ‘மதச் சுதந்திரத்துக்காகப் போனார்கள்’ என்கிறது. விரிவுரையாளர் ‘தங்கத்துக்காக’ என்கிறார். தேர்வில் எதை எழுதுவது?

விரிவுரையாளர் சொன்னதை எழுதுங்கள். விடைத்தாளைத் திருத்தப்போவது அவர்தான்.

தேர்வு முடிந்த பிறகு இதைப் படியுங்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் இருவரும் வெவ்வேறு கப்பல்களைப் பற்றிப் பேசுகிறார்கள். தங்கம் தேடிப் போனது 1607இல், தெற்கே வர்ஜீனியாவுக்கு. மதம் என்று சொல்லிப் போனது 1620இலும் 1630இலும், வடக்கே இன்றைய மாசசூசெட்ஸ் கரைக்கு. நடுவில் எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். என் உத்தியோகக் காலம் கணக்குத் தணிக்கையில் கழிந்தது. அதனால், ‘ஏன் போனார்கள்’ என்று யாராவது கேட்டால், ‘கப்பல் கூலி யார் கொடுத்தது’ என்றுதான் முதலில் பார்ப்பேன். காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

வாசகர், கோலார் தங்கவயல்: வர்ஜீனியாவில் தங்கம் கிடைத்ததா?

இல்லை.

தங்கச் சுரங்க ஊரிலிருந்து வந்த கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் மரியாதையாகாது. லண்டன் வணிகர்கள் பங்கு போட்டு நடத்திய வர்ஜீனியா கம்பெனிக்கு அரசர் முதலாம் ஜேம்ஸ் 1606 ஏப்ரலில் சாசனம் கொடுத்தார். மறு ஆண்டு மே மாதம், மூன்று கப்பல்களில் வந்த 104 ஆண்களும் சிறுவர்களும் ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் இறங்கி, அரசரின் பெயரையே வைத்து ஜேம்ஸ்டவுன் என்றார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ‘ஜென்டில்மேன்’ வகுப்பு, அதாவது கையில் மண்வெட்டி பிடித்தே பழகாதவர்கள். அடுத்த ஜனவரியில் உதவிக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர். அந்தக் கப்பலில் உழவர்கள் வந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பொற்கொல்லர்களும், தங்கம் புடம் போடுகிறவர்களும், நகை செய்பவர் ஒருவரும், வாசனைத் திரவியக்காரர் ஒருவரும் வந்து இறங்கினார்கள்! தோண்டினார்கள், அலசினார்கள், மினுமினுத்த மண்ணைக் கப்பல் நிறைய ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே சோதித்தார்கள், அது மண்ணாகவே இருந்தது.

1609–10 குளிர்காலத்தில் பஞ்சம். குதிரை, நாய், எலி எல்லாம் தீர்ந்த பிறகு மனிதர்கள் என்ன தின்றார்கள் என்பதை அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சி என்பவர் பின்னாளில் எழுதி வைத்திருந்தார், பலர் நம்பவில்லை. 2013இல், அங்கே அகழ்ந்தெடுத்த பதினான்கு வயதுச் சிறுமியின் மண்டையோட்டில் இருந்த வெட்டுத் தழும்புகளை ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தக் குடியிருப்பைப் பிழைக்க வைத்தது புகையிலை. ஜான் ரால்ஃப் என்பவர் 1612 வாக்கில் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து விதையைப் போட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளுக்குள் ஜேம்ஸ்டவுன் தெருவில்கூடப் புகையிலை நட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், புகையிலை கெட்ட பழக்கம் என்று 1604இலேயே புத்தகம் எழுதித் திட்டியவர் இதே ஜேம்ஸ் அரசர்.

ஆசிரியர், நாகர்கோவில்: மேஃபிளவர் கப்பலில் போனவர்கள் அனைவரும் பக்திமான்கள்தாமே? அவர்களையும் கூலிக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

நியாயம்தான் ஐயா. கணக்கு அவர்களுக்கும் இருந்தது. அதுவும் வாய்தா தவறிய கணக்கு.

1620இல் போன அந்தக் கப்பலில் 102 பயணிகள். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒட்டவே முடியாது என்று பிரிந்துபோன கூட்டத்தார் அதில் பாதிக்கும் குறைவு. அவர்கள் இங்கிலாந்திலிருந்து நேரே அமெரிக்காவுக்குத் தப்பி ஓடியவர்களும் இல்லை. 1608இல் ஹாலந்துக்குப் போய், ஆம்ஸ்டர்டாமில் கொஞ்ச காலம், பிறகு லைடன் நகரத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். அங்கே வழிபாட்டுக்குத் தடை இல்லை. அப்படியானால் ஏன் கிளம்பினார்கள்? அவர்களில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டு காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். நெசவு போன்ற தொழில்களில் உழைப்பு கடுமை, வரும்படி சொற்பம். பிள்ளைகள் பெற்றோரின் பாரத்தைச் சுமந்து இளமையிலேயே கூன் விழுந்துபோனார்கள். வேறு சில பிள்ளைகள் கைமீறிப் போய்ப் படையிலும் கப்பலிலும் சேர்ந்தார்கள். ஸ்பெயினோடு ஹாலந்து செய்திருந்த போர்நிறுத்தம் 1621இல் முடியப்போகிறது. வேற்று நாட்டில் பிள்ளைகள் ஆங்கிலேயர்களாக வளர மாட்டார்களே என்ற கவலை வேறு. மதம் இந்தப் பட்டியலில் உண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் அதுவே இருந்தது என்றும் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் கப்பலேற வைத்தது பிள்ளைகளைப் பற்றிய பயம் என்றே எனக்குப் படுகிறது.

கூலிக்கு வருவோம். தாமஸ் வெஸ்டன் என்ற லண்டன் வணிகரும் அவரோடு சேர்ந்த முதலீட்டாளர்களும் பணம் போட்டார்கள். ஏழு ஆண்டுக்கு எல்லா உழைப்பும் பொதுக்கணக்கு; முடிவில் லாபத்தைப் பங்கு பிரிப்பது. வீட்டையும் வாரத்தில் இரண்டு நாளையும் எங்களுக்கு விடுங்கள் என்று இவர்கள் கேட்டார்கள். வெஸ்டன் முடியாது என்றார். இவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். துறைமுகத்தில் கட்டவேண்டிய பாக்கி ஏறக்குறைய 100 பவுண்டு. வழிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெண்ணெயில் 60, 80 சிறு பீப்பாய்களை விற்றுத்தான் கப்பலை நகர்த்தினார்கள்.

போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் இறந்தார்கள். 1621 வசந்தத்தில் மேஃபிளவர் சரக்கே இல்லாமல் லண்டன் திரும்பியது. வெஸ்டன் கடிதம் எழுதினார்: உங்களுக்குக் குறை கைபலத்தில் இல்லை, புத்தியில்தான் என்ற தொனியில். அந்தக் கடிதம் யார் பெயருக்கு வந்ததோ, அந்த ஆளுநர் ஜான் கார்வர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

மீதிப் பாதிப் பயணிகளும் சுவையானவர்கள். ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவர் இதற்கு முன்பே, 1609இல், வர்ஜீனியாவுக்குப் போன கப்பல் பெர்முடா தீவில் உடைந்தபோது அதில் இருந்தவர். அங்கே ஆளுநரை எதிர்த்துப் பேசி மரண தண்டனை வரை போய், கெஞ்சிப் பிழைத்து, ஜேம்ஸ்டவுனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பிறகு மனைவி மக்களோடு மேஃபிளவரில் ஏறினார். ஜான் ஆல்டன் பீப்பாய் செய்யும் தொழிலாளி; சவுத்தாம்ப்டனில் வேலைக்கு எடுத்தார்கள். விரும்பினால் இருக்கலாம், விரும்பினால் திரும்பலாம் என்பது அவரோடு பேச்சு. அவர் இருந்துவிட்டார்.

எனக்கு மறக்க முடியாதவர்கள் மோர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர். எல்லன், ஜாஸ்பர், ரிச்சர்டு, மேரி. எல்லோரும் நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த சாமுவேல் மோர், இவர்கள் தனக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று முடிவு கட்டி, கூலியும் கட்டிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். தாய் தடுக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. மூவர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ரிச்சர்டு மட்டும் பிழைத்து, கப்பல் தலைவனாகி, முதுமை வரை வாழ்ந்தார். ‘மேஃபிளவர் பயணிகளின் நோக்கம் யாது?’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி போடுகிறவர்கள் இந்த நால்வருக்கு என்ன விடை எதிர்பார்ப்பார்களோ!

வாசகர், திருநெல்வேலி: பியூரிட்டன்களும் மேஃபிளவரில் போனவர்களும் ஒன்றா? மதச் சுதந்திரம் தேடிப் போனவர்கள் மற்றவர்களுக்கு அதைக் கொடுத்தார்களா?

ஒன்று இல்லை. 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் போன பியூரிட்டன்கள் திருச்சபையை விட்டுப் பிரியாமல் அதைச் சுத்தப்படுத்த நினைத்தவர்கள். வசதியும் படிப்பும் உள்ளவர்கள்; குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வின்த்ராப் ஆழ்ந்த பக்தர், சந்தேகமில்லை. அதே மனிதருக்கு 1629இல் லண்டன் நீதிமன்றப் பதவி போயிற்று. பிள்ளைகள் நிறைய, நிலத்து வருமானம் போதவில்லை. அவருடைய சஃபோக் பகுதியில் துணி வியாபாரமும் படுத்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று அவர் எழுதிவைத்த குறிப்பில் சுவிசேஷமும் இருக்கிறது, இந்த நாடு மக்களைச் சுமந்து களைத்துவிட்டது என்ற பேச்சும் இருக்கிறது. ஒரே தாளில்.

கொடுத்தார்களா என்ற கேள்விக்கு: தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1631 முதல் திருச்சபை உறுப்பினருக்கே வாக்கு. மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸை வெளியேற்றினார்கள். அவர் 1636இல் பிராவிடன்ஸ் நகரை உண்டாக்கினார். ஆன் ஹட்சின்சனைத் துரத்தினார்கள். 1660இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையர் என்ற பெண்ணைப் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

இன்னொரு கதை, காட்டன் மேதர் என்ற பாஸ்டன் போதகரே பதிவு செய்தது. வடகிழக்குக் கரையில் ஒரு போதகர், மக்களே, நீங்கள் பக்தியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பாழ்நிலத்துக்கு வந்த முக்கிய நோக்கமே கெட்டுவிடும் என்று பிரசங்கம் செய்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, ஐயா, நீங்கள் வேறு ஊர் ஆட்களிடம் பேசுவதாக நினைத்துவிட்டீர்கள், நாங்கள் வந்தது மீன் பிடிக்க என்றாராம்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: பெண்கள் போகவில்லையா?

வடக்கே குடும்பத்தோடு போனார்கள். வர்ஜீனியாவுக்குக் கம்பெனியே மணப்பெண்களை அனுப்பியது. 1621இல் அப்படிப் போனவர்கள் 57 பேர். திருமணம் செய்துகொள்கிறவர் கம்பெனிக்கு 150 பவுண்டு எடை நல்ல புகையிலை கட்ட வேண்டும். யாரை மணப்பது என்பது பெண்ணின் விருப்பம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருந்தது. அவர்களில் பலர் தாயையோ தந்தையையோ, இருவரையுமோ இழந்தவர்கள். வரதட்சணை கொடுக்க ஊரில் ஆள் இல்லாத பெண், கடல் கடந்து போவதை யோசித்திருப்பாள் அல்லவா?

வாசகர், தூத்துக்குடி: ஏழைகள் எப்படிக் கூலி கொடுத்தார்கள்?

கொடுக்கவில்லை; தங்களையே அடகு வைத்தார்கள். நான்கு முதல் ஏழு ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் பயணமும் சோறும். 1618க்குப் பிறகு வர்ஜீனியாவில், ஓர் ஆளை வரவழைத்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். ஆள் வந்து செத்தாலும் நிலம் நிலம்தான். லண்டன் தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பிடித்து அனுப்பியதும் உண்டு.

இந்த வகை வேலையாள் ஒருவர் ரிச்சர்டு ஃபிரெத்தார்ன். 1623 வசந்தத்தில் தாய் தந்தையருக்கு எழுதினார். வந்ததிலிருந்து கண்டது பட்டாணியும் கஞ்சியும்தான். வீட்டில் ஒரே நாளில் தின்றது இங்கே ஒரு வாரத்துக்கும் கிடைப்பதில்லை. கைகால் போனாலும் பரவாயில்லை, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தால் போதும் என்று இங்கே இரவும் பகலும் அழுகிறார்கள். என்னை மீட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பாலாடைக்கட்டியாவது அனுப்புங்கள், விற்றுப் பணமாக்கி உங்களுக்கே அனுப்புகிறேன் என்கிறார். அதற்கு முந்தைய மார்ச்சில்தான், நிலத்தை இழந்துகொண்டே வந்த பூர்வகுடிகளான பவுஹாட்டன் மக்கள் எதிர்த்துத் தாக்கியதில் ஆங்கிலேயர் 347 பேர் மடிந்திருந்தார்கள். ஆகவே பயமும் சேர்ந்துகொண்டது.

இன்னும் ஒரு கூட்டத்துக்கு ‘நோக்கம்’ என்ற சொல்லே பொருந்தாது. 1619 ஆகஸ்டில், அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் உணவுப் பொருளுக்கு மாற்றாக விற்கப்பட்டார்கள்.

வாசகர், சென்னை: இதற்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் கணக்குப் பேரேட்டில். வர்ஜீனியா கம்பெனியின் பொருளாளராக 1619 வரை இருந்த சர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநர். மிளகுக்கும் வர்ஜீனியாவுக்கும் லண்டனில் ஒரே மனிதர் வரவுசெலவு பார்த்திருக்கிறார்.

அடுத்தவர் எலிஹு யேல். பாஸ்டனில் 1649இல் பிறந்தவர். அவருடைய பாட்டி ஆன், நியூ ஹேவன் குடியிருப்பை நிறுவிய தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்தவர். பக்திமான்கள் கட்டிய அந்த ஊரின் சபையே அந்தப் பாட்டியை விலக்கி வைத்தது. பேரன் நம் ஊருக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, சொந்த வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்து, அந்தக் குற்றச்சாட்டிலேயே பதவி இழந்தார். 1718இல் அவர் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய துணிமணிப் பொதிகள் 562 பவுண்டுக்கு விலைபோயின. அதற்குத்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: பணம் போட்டவர்களாவது லாபம் பார்த்தார்களா?

நம் ஆள் கேட்கும் கேள்வி! இல்லை. வர்ஜீனியா கம்பெனி லாட்டரிச் சீட்டு நடத்திக்கூடப் பணம் திரட்டியது. 1624இல் அதன் சாசனமே ரத்தாகி, குடியிருப்பு அரசர் கைக்குப் போயிற்று. மேஃபிளவர் வணிகர்கள் 1627இல் தங்கள் பங்கை 1,800 பவுண்டுக்குத் தவணையில் விட்டுக்கொடுத்தார்கள். பிராட்ஃபோர்டும் சிலரும் கடனைத் தலையில் ஏற்றுக்கொண்டு பீவர் என்ற நீர்விலங்கின் தோலை அனுப்பிக் கட்டத் தொடங்கினார்கள். 1640களிலும் தீரவில்லை, நிலத்தை விற்றார்கள். அவர்களுடைய லண்டன் விவகாரங்களைப் பார்த்த ஐசக் அலர்ட்டன், தன் சொந்தச் சரக்கையும் பொதுச் சரக்கையும் ஒரே கணக்கில் கலந்து எழுதிவிட்டார். அந்தப் பேரேடு மட்டும் என் மேசைக்கு வந்திருந்தால், அலர்ட்டனுக்கு ஒரு பக்கம் முழுக்க விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.