கிருமி இருக்கிறதாம், மருந்து மட்டும் தரவில்லை!

கேள்வி: எனக்கு 35 வயது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மிட்வைஃப் மிஸ் சொல்லி சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்கில் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தேன். எச்.பி.வி. கிருமி (தாம்பத்திய உறவில் தொற்றுகிற வைரஸ்) இருக்கிறது, செல்லில் மாற்றம் இல்லை, ஒரு வருடத்தில் வாருங்கள் என்று மருந்து தராமல் அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரு நோவும் இல்லையே! வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, அவரிடமிருந்து வந்ததா? கண்டியில் பிரைவேட்டாகக் காட்டி மருந்து எடுக்கவா? மகள் ஆறாம் ஆண்டு, அவளுக்கும் இதற்கு ஊசியாம், பேப்பர் வந்திருக்கிறது.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் கண்டிக் கதை, அதில்தான் காசு போகும். இந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரை கண்டியிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, உலகத்தில் எங்குமே இல்லை. கிருமியை எடுத்துவிடுகிறோம் என்று யாராவது மருந்து எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும், அடங்காமல் வருடக்கணக்கில் தங்கினால்தான் கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறத் தொடங்கும், அது புற்றுநோயாக பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும். நோவு தெரியாத காலம் இதுதான். அதனால்தான் ஒரு வருடத் தவணை.

ஆனால் ரிப்போட்டில் எந்த வகை என்று இருக்கிறதா, மிஸ்ஸிடம் கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 100க்கு 70 அளவு 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது. அதில் ஒன்றென்றால் வருடம் பார்த்திருக்காமல் கொல்பொஸ்கோபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெயர்தான் பயங்கரம். பெரிதாகக் காட்டும் கருவி வெளியேதான் நிற்கும், வினாகிரியில் இருக்கிற அதே அமிலத்தைப் பஞ்சில் நனைத்து உள்ளே ஒற்றுவார்கள், ஒன்றிரண்டு நிமிஷத்தில் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும், அதில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். மாற்றம் கடுமையென்றால் அந்த இடத்தை மட்டும் உறைய வைப்பார்கள், அல்லது மின்சாரக் கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். அதற்காகக் கர்ப்பப்பையையே எடுக்கத் தேவையில்லை.

அவரிடமிருந்தா என்றால், சொல்லவே முடியாது. கல்யாணமான புதிதில் வந்து இத்தனை வருடம் ஒளிந்திருந்ததாகவும் இருக்கலாம், யார் யாருக்குக் கொடுத்தது என்று காட்டுகிற டெஸ்ட் கிடையாது. லீவில் வருகிற மனிதரோடு இதை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள்.

அவரோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு நீர் போனாலோ மட்டும் தவணை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் நாளில் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும் என்று தவணையை விட்டவர்கள் எத்தனையோ பேர், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நாளை விடாதீர்கள்.

அப்புறம் மகள். 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கமே போடுகிற ஊசிதான் அது. வந்த கிருமியை அது விரட்டாது, வராமல் தடுக்கும், அதனால்தான் அந்த வயதில். பேப்பரில் கையெழுத்து வைத்து நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசியும் இருக்கிறது.