வேனில் மகனைச் சீண்டுகிறார்கள்: பெற்றோர் என்ன செய்வது?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரண்டு மாதமாகப் பள்ளி நாள்களில் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். மருத்துவர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பள்ளி வேனில் பெரிய வகுப்புப் பையன்கள் மூவர் தினமும் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வதும், டிபன் பாக்ஸைப் பிடுங்கி ஒளித்துவைப்பதும் இப்போதுதான் தெரிந்தது. "திருப்பி அடி" என்கிறார் என் கணவர். அந்தப் பையன்களின் வீட்டுக்கே போய் நான் பேசலாமா?

பதில்: முதலில் அந்த வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நடிப்பு அல்ல. அச்சம் நீடிக்கும்போது குடலின் இயக்கம் மாறுகிறது. சோதனையில் நோய் தென்படாவிட்டாலும் குழந்தைக்கு உண்மையாகவே வலிக்கும். ஆகவே, "பள்ளிக்குப் போகாமல் இருக்கச் சாக்கு சொல்கிறாயா?" என்று ஒருமுறைகூடக் கேட்காதீர்கள்.

பிள்ளைகளுக்குள் நடக்கும் எல்லாச் சண்டையும் வன்சீண்டல் (புல்லியிங்) ஆகிவிடாது. இத்துறையில் முன்னோடி ஆய்வுகளைச் செய்த நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், பாதிக்கப்படுபவர் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத அளவுக்கு பலத்தில் ஏற்றத்தாழ்வு. உங்கள் மகனின் நிலையில் இம்மூன்றும் இருக்கின்றன. "திருப்பி அடி" என்ற அறிவுரை பயன்படாததற்கும் அதுவே காரணம். மூன்று பெரிய பையன்களை அவன் தனியாக அடிக்க முடியாது. அடிக்க முடியாதபோது, அப்பா சொன்னதைச் செய்யவில்லை என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ள, அடுத்த முறை உங்களிடமும் மறைத்துவிடுவான்.

அவனை எதிரில் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். கடைக்கு நடந்து போகும்போதோ காய் நறுக்கும்போதோ, வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான், அது நடக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அவன் முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். தவறு அவனுடையது அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒவ்வோர் அடியையும் அவனிடம் சொல்லிவிட்டே எடுப்பேன் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

அந்த வீடுகளுக்குப் போக வேண்டாம். பெரியவர்களின் வாக்குவாதமாக அது மாறிவிடும்; மறுநாள் வேனில் அதன் விலையைக் கொடுப்பவன் உங்கள் மகன். எந்தத் தேதியில், எங்கே, யார், என்ன செய்தார்கள் என்று எழுதி, வகுப்பாசிரியர் வழியாகத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வேன் உதவியாளருக்கு அருகில் இருக்கை, புகார் தந்தவர் பெயரை வகுப்பில் வெளியிடாமை, அந்த மூவரையும் தனித்தனியே விசாரித்தல் ஆகியவற்றைக் கடிதத்திலேயே கேளுங்கள். இந்தக் கவனம் மிகையல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் சொன்ன 17 வயது மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டதை நான் மறக்கவில்லை. அதன் பிறகே, மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி காண, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. உங்கள் மகனுக்குச் சூட்டிய பட்டப்பெயரில் சாதியோ மதமோ உடல்குறையோ இருந்தால், கூச்சப்படாமல் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் பேசலாம். அவன் தூக்கமின்றித் தவித்தாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதேனும் சொன்னாலோ, வாரக்கணக்கு பார்க்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தலைமையாசிரியரைப் பார்க்க உங்கள் கணவரும் வரட்டும். போவதற்கு முந்தைய இரவு, "நாளைக்கு உனக்காக நான் பேசப் போகிறேன்" என்று அவரே மகனிடம் சொல்லட்டும்.