பிரம்புக் கதிரை இருக்கட்டும், லைட்டை மாற்றுங்கள்

ஹட்டன் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறோம். தோட்டத்துப் பங்களாவின் பழைய சாமான்கள் ஏலம் போனபோது அப்பா வாங்கிய இரண்டு சாய்மனைக் கதிரைகள் உள்ளன. ஒன்றில் பிரம்பு தொய்ந்துவிட்டது, மற்றதில் கை ஆடுகிறது. அவற்றைக் கொடுத்துவிட்டு மொடர்னாக ஒரு ரெக்சின் சோபா வாங்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். ஹாலில் சீலிங்கோடு ஆறு லைட் போட்டும் மாலையானால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. என்ன செய்வது?

கதிரைகளைக் கொடுக்க வேண்டாம். பிரம்பு பழைய காலத்துச் சங்கதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், அப்படியில்லை. மைக்கேல் தோனெட் என்ற தளபாடத் தயாரிப்பாளர் 1859இல் பீச் மரத்தை நீராவியில் வளைத்து, ஆறு மரத்துண்டும் பத்துத் திருகாணியுமாக ஒரு கதிரை செய்தார். தொழிற்சாலையில் பெருமளவில் செய்து, கழற்றிப் பெட்டியில் அடுக்கி உலகெங்கும் அனுப்பிய கதிரை அது. உட்காரும் இடம் பிரம்புப் பின்னல். மொடர்ன் தளபாடத்தின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1928இல் வடிவமைப்பாளர் மார்செல் ப்ராயர் உருக்குக் குழாயை வளைத்துக் கதிரை செய்தபோதும் இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்பையே வைத்தார். உடம்புக்கேற்ப இளகிக் கொடுக்கும், காற்றோட்டம் உண்டு, பாரமும் இல்லை. அதற்கு ஈடாக வேறென்ன கிடைக்கும்?

சரி, பழுது பார்ப்போம். தொய்ந்த கதிரையைக் கவிழ்த்துப் போடுங்கள். இழைகள் அறுந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அறாமல் தொய்வு மட்டும்தான் என்றால், துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து பிரம்பின் அடிப்பக்கத்தில் அரை மணிநேரம் போட்டு வையுங்கள். மேல்பக்கம் பளபளவென்ற தோல் இருப்பதால் தண்ணீர் இறங்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். யாரும் உட்காராமல் இரண்டு நாள் உலர விட்டால் பின்னல் தானே சுருங்கி இறுகும். நம் ஊரில் உலர்வது மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்பட வேண்டாம். கை ஆடுகிற கதிரைக்கு ஆணி மட்டும் அடிக்க விடாதீர்கள், மரம் பிளந்துபோகும். அந்தக் காலத்து மூட்டுகளில் பெரும்பாலும் வச்சிரப் பசை, அதாவது மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை இருக்கும். வெந்நீர் பட்டால் இளகிவிடும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ரெக்சின் சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: மூடுபனி உள்ளே வருகிற வீட்டில், சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும்.

உங்கள் உண்மையான பிரச்சினை லைட். பல்புப் பெட்டியை எடுத்துப் பாருங்கள், 6500 கெல்வின் என்று இருக்கும் என நினைக்கிறேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. வெளியே பனி, உள்ளே வெள்ளைச் சுவர், தலைக்கு மேலே அந்த வெளிச்சம் என்றால் குளிர் இன்னும் கூடினது போலத்தான் இருக்கும். போதாததற்கு, இருட்டியதும் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகவே மாறி ஆறு பல்பையும் திருப்பிக் காட்டும். கண் கூசும், மூலைகளோ இருண்டு கிடக்கும்.

டென்மார்க்கின் நீண்ட இருட்டுக் குளிர்காலத்தில் பௌல் ஹென்னிங்சன் என்ற விளக்கு வடிவமைப்பாளர் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். 1920களில் அவர் செய்த விளக்கில் மூன்று மூடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு பல்பு தெரியாது. மூடிகளில் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் மேசைக்கு வரும். அவர் விளக்கைத் தேடி வாங்கச் சொல்லவில்லை, அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங்கில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு வாங்குங்கள், கடையில் வார்ம் வைட் என்று கேட்டால் தருவார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே இரண்டடி உயரத்தில் மூடி போட்ட ஒன்றைத் தொங்கவிடுங்கள். இன்னொன்றைச் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில், தோளுக்குச் சற்று மேலே வையுங்கள். அப்புறம் கதிரையில் நீங்களே சாய்ந்து பாருங்கள். பல்பு கண்ணில் பட்டால் மூடியை இன்னும் இறக்குங்கள்.

கதிரைகளைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். ஹீட்டர் வைத்திருந்தால் அதற்குக் கிட்ட வேண்டாம், பிரம்பு காய்ந்து வெடிக்கும்.