சான் ஹுவான் சமூலா தேவாலயத்தில் நான் நின்ற இடம்

கேள்வி: கிறிஸ்தவமும் பழைய மாயா வழிபாடும் கலந்திருக்கும் மெக்சிகோ கிராமங்களுக்கு வெளியார் போய்ப் பார்ப்பது சரியா?

போகலாம். பயணத் திட்டத்தில் ஊரின் பெயரை எழுதிவிட்டு, மனம் உறுத்துவதால் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அந்த உறுத்தல் எனக்கு அங்கே போன பிறகுதான் வந்தது.

சியாபாஸ் மாநிலத்தின் சான் கிறிஸ்டோபல் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சமூலா, சோட்சில் மொழி பேசும் மாயா மக்களின் ஊர். அங்குள்ள புனித யோவான் தேவாலயத்தில் அமர இருக்கைகள் கிடையாது. தரையெங்கும் பரப்பியிருந்த பைன் ஊசியிலைகளைச் சற்றே விலக்கி, மெழுகுவர்த்திகளை வரிசையாகத் தரையில் ஒட்டி ஏற்றிவைத்து, குடும்பம் குடும்பமாக மண்டியிட்டிருந்தார்கள். 'இலோல்' எனப்படும் வைத்தியப் பெண்மணி ஒருவர், நோயுற்ற சிறுவனின் தலையைச் சுற்றிக் கோழி ஒன்றைச் சுழற்றியபடி, இடைவிடாமல் முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருந்தார். அருகே போஷ் என்னும் சாராயமும் கோகோ கோலா புட்டிகளும் இருந்தன. கோப்பல் பிசினின் புகை கண்ணைக் கரித்தது. நன்றாகப் பார்க்கவேண்டும் என்று ஓரடி முன்னே சென்றேன். சிறுவனின் தந்தை என் முழங்கையைத் தொட்டு, நகரச் சொல்லிச் சைகை காட்டினார். திரும்பிப் பார்த்தபோதுதான், அவர்களுக்கும் கண்ணாடிப் பேழையில் இருந்த புனிதர் சிலைக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தும், எங்கள் குழுவில் ஒருவர் சட்டைப்பையில் கைபேசியை வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தார். ஒரு பிள்ளையின் நோயை அப்படித் திருடிக்கொண்டு போவதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

'கலப்பு' என்ற சொல்லையும் நான் இப்போது தயக்கத்துடனேயே பயன்படுத்துகிறேன். சூரியனும் கிறிஸ்துவும் ஒருவரே என்று கொள்ளும் சமூலா மக்களுக்கு அது இரண்டு மதங்களின் கூட்டன்று, முழுமையான ஒரே வழிபாடு. இதனால் அந்த ஊரை நான் புனிதப்படுத்துவதாக யாரும் எண்ணவேண்டாம். 1970களிலிருந்து சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து துரத்தப்பட்டதையும், அவர்களில் பலர் சான் கிறிஸ்டோபலின் புறநகரில் குடியேற நேர்ந்ததையும் அறிந்தே எழுதுகிறேன். ஊர்த்தலைவர்களின் அதிகாரமும் மதுவிற்பனை ஆதாயமும் அந்தப் பூசலில் பின்னியிருந்தன. அந்தக் கொடுமைக்கு, பிள்ளைக்காக மண்டியிட்டிருந்த அந்தத் தந்தையைப் பொறுப்பாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, பெருங்குழுவோடு போகாதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கியதும் கைபேசியை அணைத்துப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். உள்ளே சுவரோரமாக நில்லுங்கள். யாராவது மண்டியிட்டால், அவர் எந்தப் புனிதரைப் பார்க்கிறார் என்று முதலில் கவனித்து, அந்தப் பார்வைக்குக் குறுக்கே வராமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.