சுங்கத் துறையில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் எட்டு வருடம் சுங்க ஆய்வாளராக இருந்திருக்கிறார். அடுத்த மாதம் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குப் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போகிறார். வேலை எப்படி இருக்கும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் வாழ்த்துகள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். ‘எதில் கவனமாக’ என்று கேட்டுவிட்டீர்களே, அது விடவில்லை. ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவள் நான். கடத்தல்காரனைத் துரத்திப் பிடித்த கதை கிடைக்கும் என்று வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒன்பது வருடத்தில் ஒரு துப்பாக்கியைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பேக்கிங் லிஸ்ட், பெட்டிக்குள் என்ன, எவ்வளவு என்று எழுதிய காகிதம்.

ஆய்வாளராக இருந்தவரைக்கும், கொடுத்த பெட்டியைத் திறந்தீர்கள், எண்ணினீர்கள், ரிப்போர்ட் எழுதினீர்கள். இனி எந்தப் பெட்டியைத் திறக்காமல் விடுவது என்று நீங்கள் சொல்ல வேண்டும். வருகிற கன்டெய்னரை எல்லாம் திறப்பது எந்த நாட்டிலும் நடக்காது. ஆபத்து எங்கே இருக்கிறதென்று கணித்துத் தேர்ந்தெடுத்துச் சோதி என்பதுதான் சுங்க நடைமுறைகளுக்கான திருத்தப்பட்ட கியோட்டோ உடன்படிக்கை (1999-இல் ஏற்றார்கள், 2006-இல் நடைமுறைக்கு வந்தது) சொல்வதும். அதனால் சிஸ்டம் பிரித்துக் கொடுக்கும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் காகிதத்தைப் பார், சிவப்பு என்றால் சரக்கைப் பார். எங்கள் இடத்தில் மஞ்சளைச் சிவப்பாக்க மேற்பார்வையாளர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் இடத்திலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

நான் சறுக்கியது ஒரு மஞ்சளில்.

பதவிக்கு வந்த இரண்டாவது வருடம். வார விடுமுறைக்கு முந்தின சாயங்காலம். மேஜையில் நாற்பது ஃபைல். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஓர் ஆய்வாளர், பையன் என்றே சொல்லலாம், ஒரு பேக்கிங் லிஸ்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். இருபதடி கன்டெய்னர். உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்களும் மூடிகளும். எடை 24 டன்.

“மேடம், டப்பாவை யாராவது இருபதடியில ஏத்துவாங்களா?”

எவ்வளவு கூர்மையான கேள்வி என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். டப்பா இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அதை ஏற்றுகிறவன் நாற்பதடியில், அதிலும் உயரம் கூடிய பெட்டியாகப் பார்த்துத்தான் எடுப்பான். கல், இரும்பு மாதிரி, இடம் நிறைவதற்குள் எடை நிறைந்துவிடும் சரக்குக்குத்தான் இருபதடி. அதற்குள் மொத்த இடமே சுமார் 33 கன மீட்டர். 24 டன் வர வேண்டுமென்றால் டப்பாக்களை எல்லாம் உருக்கி, பெட்டியில் ஐந்தில் நாலு பங்குக்குக் கெட்டியாக ஊற்றியிருக்க வேண்டும்.

சரக்கின் பெயரைப் பொய்யாக எழுதுகிறவன் எடையையும் பொய்யாக எழுத வேண்டியதுதானே என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. எடை பார்த்துச் சான்று கொடுக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் உள்ள விதி. கப்பலும் அதில் வேலை செய்கிறவர்களும் பத்திரமாக இருக்க வந்த விதி. நமக்கு அது வேறு விதத்தில் உதவுகிறது. இன்வாய்ஸில் எதையும் எழுதிவிடலாம், கப்பல்காரனிடம் எடையில் விளையாடினால் மாட்டுவது சீக்கிரம்.

இதெல்லாம் அன்றைக்கு என் தலையில் ஓடவில்லை. ஐந்து வருடமாகப் புகாரே இல்லாத இறக்குமதியாளர். சிஸ்டம் மஞ்சள்தான் காட்டியிருக்கிறது. அவருக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் மூன்று தடவை போன் செய்துவிட்டார். திறக்கச் சொன்னால் ஆள் போட்டு, லாரி போட்டு, திங்கட்கிழமை ஆகிவிடும். இவைதான் ஓடின. “சிஸ்டமே கேட்கல, நீ ஏன் கேக்கிற?” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் ஃபைலை எடுத்துக்கொண்டு போனான்.

ஏழு மாதம் கழித்து, சரக்கை விட்ட பிறகு கணக்குப் புத்தகங்களைப் போய்ப் பார்க்கிற தணிக்கைக் குழு அந்த இறக்குமதியாளரிடம் போனது. புத்தகப்படி வாங்கியது டப்பா, விற்றது டைல்ஸ். கதவோரம் இரண்டு வரிசை டப்பா, அதற்குப் பின்னால் முழுக்க டைல்ஸ் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார்கள். டைல்ஸுக்கு அப்போது குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டாமல் தடுக்கப் போடும் கூடுதல் வரி) இருந்தது, அதற்காகத்தான் இந்த வேஷம். வரியும் அபராதமும் வசூலாகிவிட்டன. எனக்கு மெமோ வந்தது.

மெமோவைப் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கூட இணைத்திருந்த பேக்கிங் லிஸ்ட் நகலைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது. ஓரத்தில் பென்சிலால் ‘20 அடி, 24 டன்?’ என்று அவன் பொடியாக எழுதி வைத்திருந்தான். அதற்கு ஒரு விரல் கீழே என் கையெழுத்து.

‘எவ்வளவு வாங்கினாய்’ என்று கேட்க இந்நேரம் சிலருக்குக் கை பரபரக்கும். வாங்கவில்லை. விசாரணையும் ‘கவனக்குறைவு’ என்றுதான் முடிந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு போயிற்று. துறையில் வாங்குகிறவர்களே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. வாங்குகிறவர் செய்யும் அதே வேலையைக் களைத்துப்போன ஒருத்தி வாங்காமலே செய்துவிட முடியும், அதைத்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இதற்கு மேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

மெமோவுக்குப் பிறகு ஆறு மாதம் கண்ணில் பட்ட மஞ்சளை எல்லாம் சிவப்பாக்கினேன். அப்போது ஒரு தொழிற்சாலைக்கு மாற்று கியர்பாக்ஸ் வந்தது. காகிதத்தில் இருந்த எடைக்கும் எடைமேடை காட்டியதற்கும் 310 கிலோ வித்தியாசம். நிறுத்தினேன். பிரித்துப் பார்க்கப் பொறியாளர் வேண்டும் என்று எழுதினேன். பொறியாளர் வருவதற்கே ஐந்து நாள், ஆக மொத்தம் ஒன்பது நாள். அந்த 310 கிலோ, கியர்பாக்ஸைச் சுற்றி அடித்திருந்த மரச்சட்டம். நான் பார்த்த கட்டத்தில் இருந்தது நிகர எடை, மொத்த எடை அடுத்த கட்டத்தில் ஒழுங்காகவே இருந்தது. அவசரத்தில் செய்த தவறுகூட இல்லை. பயத்தில் கண் தெரியவில்லை.

நிறுத்திய சரக்கெல்லாம் கிடக்கும் யார்டைப் பற்றி இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் யார்டிலேயே கிடந்தேன். அங்கே பெண்களுக்குக் கழிவறை கிடையாது. அலுவலகக் கட்டிடத்துக்கு நடந்து வரப் பதினைந்து நிமிடம், திரும்பிப் போகப் பதினைந்து நிமிடம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கப் பழகிக்கொண்டோம், சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரையும் சாப்பிட்டோம். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ‘யார்டுப் பணிக்குப் பெண் அலுவலர்களைத் தவிர்க்கலாம்’ என்று பதில் வந்தது. கன்டெய்னரை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் வாங்கப் பணம் இருந்தது, நாலு சுவரும் ஒரு குழாயும் போட இல்லை. போகட்டும்.

கியர்பாக்ஸுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் ஒரு லைன் ஒன்பது நாளும் நின்றது. சரக்கு எடுக்கப்படாமல் கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள். கடைசி நாள் காகிதம் வாங்க வந்த அவர்களுடைய ஆள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “சரிங்க மேடம்” என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு மெமோ வந்ததா? இல்லை. மாதக் கூட்டத்தில் மேலதிகாரி, “இப்பதான் நல்லா உஷாரா இருக்கீங்க” என்றார்.

தப்பாக விட்டதற்குத் தண்டனை, தப்பாக நிறுத்தியதற்குப் பாராட்டு. இதில் வளர்கிற மேற்பார்வையாளர் எதைக் கற்றுக்கொள்வார்? சரக்கை விடுவிக்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்து வெளியிடுமாறு உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் (2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) ஊக்குவிக்கிறது. எங்கள் இடத்திலும் அளந்தார்கள். பச்சையில் பறந்த பெட்டிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தபோது என் ஒன்பது நாள் இருந்த இடம் தெரியவில்லை. அந்த மாத அட்டவணையில் நாங்கள் முன்னேறியிருந்தோம்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். சிவப்பாக்கினால் காரணம் எழுது என்கிறது விதி. கீழே இருக்கிற ஒருவர் சந்தேகம் எழுப்பி, நான் அதை ஏற்காமல் விட்டால், ஏன் விட்டேன் என்றும் இரண்டு வரி எழுத ஆரம்பித்தேன். நிறுத்தியவற்றில் எத்தனை வெறுங்கையோடு முடிந்தன, எத்தனை நாள் வீணானது என்று இன்னொரு பக்கம். யாரும் கேட்காத கணக்கு. முதல் வருடப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ‘அப்படியானால் எல்லாவற்றையும் பார்க்காமலே விட்டுவிடச் சொல்கிறாயா’ என்று சண்டைக்கு வராதீர்கள். டைல்ஸ் கதையை நான்தானே சொன்னேன்.

அந்தப் பையன் அதற்குப் பிறகு என் மேஜைக்கு எதையும் எடுத்து வரவில்லை. மரியாதையில் குறையில்லை, வேலையிலும் குறையில்லை. பச்சை என்றால் விட்டான், சிவப்பு என்றால் திறந்தான், பேக்கிங் லிஸ்டின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. ‘ஆய்வாளர் சுட்டிக்காட்டினார், நான் ஏற்கவில்லை’ என்றுதான் மெமோவுக்குப் பதில் எழுதியிருந்தேன். அதனால் அவனுக்கு ஒரு பாதிப்பும் வரவில்லை. ஆனால் அப்படி எழுதினேன் என்று அவனிடம் சொல்லவில்லை. நீ கேட்டது சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டான்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த வகைச் சரக்கு என்று காட்டும் சரக்குக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது, மேற்கொண்டு வருவது அந்தந்த நாட்டுடையது. இப்போது நடப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028-இல். பதிப்பு மாறும்போது பழைய வகைப்பாட்டு முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். விலை குறைவாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து இன்வாய்ஸைத் தள்ள முடியாது. மதிப்பிட ஆறு முறைகள் இருக்கின்றன, உண்மையில் கொடுத்த விலைதான் முதலாவது. ‘எனக்கு அப்படித் தோணுது’ என்பது ஏழாவது முறை ஆகாது, ஆனால் அதை வைத்து ஓடுகிற ஃபைல்கள் நிறைய வரும். ஏஜென்டுகளை எல்லாம் திருடர்கள் என்று நினைக்காதீர்கள். புதிய விதியை எங்களுக்கு முன்னால் படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்களில் உண்டு.

பொறுப்பேற்கும் நாளில் பூங்கொத்தெல்லாம் முடிந்ததும் கிடங்குக்குப் போங்கள். லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட். 2014-இல் ஒரு கப்பலிலிருந்து இறக்கிக் கிடங்கில் வைத்தது. அதை அப்புறப்படுத்த வழி சொல்லுங்கள் என்று அங்கிருந்த சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குப் பல தடவை எழுதியிருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். செய்தி வந்த மறுநாள், நம் கிடங்கில் இருப்பதிலேயே பழைய சரக்கு எது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பின் வரிசைப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனது. உள்ளே நாற்பது பீப்பாய் பெயின்ட். அடிப்பக்கம் துருப்பிடித்து இரண்டு பீப்பாய் கசிந்து, செருப்பு தரையில் ஒட்டியது. அந்தப் பெயின்டைப் பற்றிய வழக்கு முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அழிக்கச் சொன்ன உத்தரவு ஃபைலுக்குள்ளேயே இருந்தது.

சாவியை முதல் நாளே கேளுங்கள்.