ஏர்ல் கிரே தேநீர் கசப்பது குறித்து

வணக்கம். இயற்கை முறையில் விளைந்த ஏர்ல் கிரே தேயிலையைப் பாலில் கொதிக்கவிட்டபோது மணம் போய்க் கசப்பு மட்டுமே மிஞ்சியதாக எழுதியிருந்தீர்கள். தேயிலையில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தாலியின் கலாப்ரியாவில் பெரிதும் விளையும் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய்தான், கறுப்புத் தேயிலையில் சேர்க்கப்பட்டு, ஏர்ல் கிரேக்கு அந்த மணத்தைத் தருகிறது. அது எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால், அடுப்பில் கொதிக்கக் கொதிக்க அது நீராவியோடு வெளியேறிவிட, இலையின் துவர்ப்போ மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்தபின் 2 கிராம் இலையிட்டு, அவசியம் மூடிவைத்து, 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். மூடுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பால் வேண்டுமென்றால் வடித்த பிறகு சூடாகச் சிறிதளவு சேருங்கள். இஞ்சியும் ஏலக்காயும் பெர்கமோட்டை அமுக்கிவிடும் என்பதால் இதற்கு வேண்டாம்.